மகள் சொன்ன படம்

விவாகரத்து ஆனபோது, மகள் ஞாயிற்றுக்கிழமை அவருக்கு, மற்ற ஆறு நாளும் எனக்கு என்று முடிவானது. கேட்பவர்களுக்கு நான்தான் ஜெயித்தவள். பல் விளக்கு, பாடம் படி என்று கத்துகிற ஆறு நாள் எனக்கு. ஐஸ்கிரீமும் சினிமாவும் அவருக்கு. நல்ல பங்குதான் போங்கள்!

அவர் பக்கத்து ஊரான காப்பாரிலிருந்து வந்து, மலேசியாவின் கிள்ளான் நகரில் எங்கள் வீட்டு கேட்டுக்கு வெளியே மோட்டார் சைக்கிளை நிறுத்தி ஹார்ன் அடிப்பார். எட்டு வயது மகள் செருப்பைச் சரியாக மாட்டாமலே ஓடுவாள். எனக்கு வயிறு எரியும்.

ஒரு ஞாயிறு படம் பார்த்துவிட்டு வந்தாள். விவாகரத்தான அப்பாவும் மகளும் அடிக்கும் கூத்தாம். அப்பாவுக்குச் சடை பின்னத் தெரியாமல், மகள் தலையை நாற்காலியோடு சேர்த்துக் கட்டிவிடுவாராம்.

"நம்ப அப்பா விழுந்து விழுந்து சிரிச்சாரு லா!"

என்னோடு வாழ்ந்த ஒன்பது வருடத்தில் அந்த மனுஷன் பல் தெரியச் சிரித்து நான் கண்டதில்லை.

"ஏன், அந்தப் படத்துல அம்மாவே கிடையாதா?" என்று வெடுக்கெனக் கேட்டேன்.

வாயிலிருந்த கடலையை மென்று விழுங்கிவிட்டுச் சொன்னாள். "இருக்காங்களே! அவங்கதான் ரொம்ப காமெடி. ஸ்கூலுக்கு வந்து ஹெட்மாஸ்டரையே மிரட்டுவாங்க. எல்லாரும் கை தட்டுனாங்க."

யாரடி அவள், என்னைவிடக் கெட்டிக்காரி? அவளைப் பார்த்தே ஆகவேண்டும் என்றிருந்தது. நான் ரப்பர் கையுறை செய்யும் பேக்டரியில் வேலை பார்த்தேன். புதன்கிழமை தலைவலி என்று பொய் சொல்லி லீவு போட்டு, மதியக் காட்சிக்குத் தனியாகப் போனேன்.

பாதிப் படம் ஓடியும் அம்மா வரவில்லை. சரி, இடைவேளைக்குப் பிறகு வருவாள் என்று உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கடைசியில் ஸ்கூல் காட்சி வந்தது. ஹெட்மாஸ்டரை மிரட்டியது அப்பா. அம்மா என்று ஒருத்தி சுவரில் போட்டோவாகக்கூட இல்லை.

விளக்கு போட்ட பிறகும் என்னால் எழுந்திருக்க முடியவில்லை. படத்திலேயே நல்ல காட்சியை அப்பாவிடமிருந்து பிடுங்கி எனக்குக் கொடுத்திருக்கிறாள் பிள்ளை. என் பொறாமை அவளுக்குத் தெரிந்திருக்கிறது. வெட்கமாகப் போய்விட்டது.

சாயங்காலம் அவளுக்குத் தலை வாரும்போது, "அந்த அம்மா ஹெட்மாஸ்டர மிரட்டுவாங்கன்னியே, அத இன்னொரு தடவ சொல்லுடி" என்றேன்.

உற்சாகமாகச் சொன்னாள். இந்தத் தடவை அந்த அம்மா, கையுறை பேக்டரியின் நீல யூனிபார்மில் வந்தாள்.