கரைக்கு வந்த இரண்டாவது விலை

நண்டு ஏற்றுமதிக் கம்பெனியின் வேனை எங்கள் கரைக்குள் விடலாமா என்று ஊர்க்கூட்டம் கூடியது. நான் ஐந்து காரணங்களை வரிசையாக மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். அந்தக் கம்பெனியில் தரம் பார்ப்பது என் வேலை.

பழவேற்காடு ஏரியில் என் அப்பா, எங்கள் வழக்கில் நைனா, பிடிக்கும் நண்டை ஊர் வியாபாரி ஒருவர்தான் வாங்குவார். எனக்கு மாமா முறை. அவர் சொல்வதே விலை. வேன் வந்தால் எங்கள் நண்டு உயிரோடு சிங்கப்பூர் போகும். கூட்டம் மறுத்துவிட்டால் வேன் பக்கத்து ஊருக்குப் போய்விடும். நைனாவுக்கு அதே ஒற்றை விலைதான்.

உலகச் சந்தையில் தேவை அதிகம் என்று முதல் காரணத்தைச் சொன்னேன். இரண்டாவதைத் தொடங்குவதற்குள் மாமா குறுக்கிட்டார்.

“இன்னாம்மா, கம்பெனி சம்பளம் நல்லாத்தான் பேச வைக்குது!”

கூட்டமே சிரித்தது. மிச்சக் காரணங்கள் அந்தச் சிரிப்பில் முழுகிப்போயின. நாங்கள் உட்கார்ந்திருந்த அதே இடத்தில்தான் ‘பாடு’ பிரிப்பார்கள். இறால் வலை கட்ட நல்ல இடம் இன்று ஒருவருக்கு, நாளை இன்னொருவருக்கு. யாருக்கும் நிரந்தரம் கிடையாது. அது நினைவுக்கு வந்ததும் பட்டியலை விட்டுவிட்டேன்.

“மாமா, ஒரே ஆளு தெனமும் நல்ல எடத்துல வலை கட்டினா உடுவீங்களா?”

“அதெப்படி உடுவோம்?”

“அப்போ வாங்குற எடத்துல மட்டும் தெனமும் நீங்களே நிக்கிறீங்க?”

யாரோ விசில் அடித்தார்கள். மாமா அசரவில்லை.

“பாடு நம்ம ஊராளுங்களுக்கு. வெளியாளு வந்து ஏரியில வலைய எறக்கினா நீ உடுவியா?”

நியாயமான கேள்வி. பதிலும் அதற்குள்ளேயே இருந்தது.

“உடமாட்டேன். தண்ணியில இன்னொரு வலை எறங்கினா நமக்குக் கொறையும். கரையில வாங்க இன்னொரு ஆளு வந்தா இன்னா மாமா கொறையுது?”

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்த நேரத்தில் நைனாவே கேட்டார்: “கொரோனாவுல பிளேன் நின்ன வருசம் வெளிநாட்டுல யாரும் வாங்கலியே. மறுபடி நின்னா?”

என் ஐந்து காரணங்களிலும் நான் கவனமாகத் தவிர்த்திருந்த விஷயம் அது.

“நிக்கலாம் நைனா. அப்போ மாமாதான் வாங்கினாரு. அதான் அவரப் போவச் சொல்லல. ரெண்டு பேரும் வரட்டும். ஏலம் உடலாம்.”

“என்கிட்டயே ஏலமா?” மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். “வரச் சொல்லு உன் கம்பெனிய. பாத்துடலாம்!”

வேன் வந்த முதல் காலை, அதற்கு முன்பே மாமா கரையில் நின்றார். நைனாவின் கூடைக்கு அவர் ஒரு விலை சொன்னார். கம்பெனி ஆள் ஏற்றினார். மாமா அதற்கும் மேலே போனார். கடைசியில் கூடை மாமாவுக்கே போனது, அவர் வாழ்நாளில் கொடுத்திராத விலைக்கு.

நைனா கூடையிலிருந்து கையை எடுக்கவில்லை.

“அந்த வெலய இன்னொரு தபா சொல்லு மச்சான்,” என்றார்.