துக்கம் முடிந்த செய்தி

கிள்ளானிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வேலைக்குப் போன வருஷங்களில் நான் கொமுட்டர் ரயிலைத்தான் நம்பியிருந்தேன். பெண்களுக்கென்று ஒதுக்கிய பெட்டியில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இருக்கையில் என் பையை உட்கார வைத்துவிடுவேன். யாரும் அருகில் வந்து பேச்சுக் கொடுக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. காலையில் என்னிடம் பேசினால் எனக்குப் பிடிக்காது.

ஒருநாள் பாடாங் ஜாவாவில் ஏறிய மலாய்ப் பெண் ஒருத்தி என் முன்னால் வந்து நின்றாள். கிட்டத்தட்ட என் வயதுதான் இருக்கும். பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"காக், பைக்கும் டிக்கெட் எடுத்தீங்களா?"

காக் என்றால் மலாயில் அக்கா. எனக்குச் சுருக்கென்றது. பையை மடியில் வைத்துக்கொண்டு, நான் இறங்கும் கே.எல். சென்ட்ரல் ஸ்டேஷன் வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன். மறுநாளும் அவள் அதே இடத்துக்கு வந்தாள். அந்த வாரக் கடைசிக்குள் எனக்கே அவள் ஏறும் ஸ்டேஷன் வந்ததும் பையை எடுத்து மடியில் வைக்கும் பழக்கம் வந்துவிட்டது. எங்களில் யார் மூத்தவள் என்று நாங்கள் கேட்டுக்கொள்ளவே இல்லை. நான் அவளுக்கு காக், அவள் எனக்கு காக். பேச்சு முழுக்க மலாயில்தான் நடக்கும். இங்கே தமிழாக்கி எழுதுகிறேன்.

அவள் கே.எல். சென்ட்ரலை ஒட்டிய ஒரு காப்புறுதி அலுவலகத்தில் கிராணி, குமாஸ்தா வேலை. நான் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் முன்மேசையில் இருந்தேன். ரயிலில் தொடங்கிய சிநேகம் மெல்ல வீடு வரைக்கும் வந்தது. தீபாவளிக்கு அவளும் அவள் கணவரும் கிள்ளானில் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். நோன்புப் பெருநாளுக்கு நானும் என் வீட்டுக்காரரும் பாடாங் ஜாவாவுக்குப் போவோம். எங்கள் இரண்டு ஸ்டேஷன்களுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு ஸ்டேஷன்தான்.

பெருநாளன்று அவள் வீட்டில் பெரிய சட்டியில் மாட்டு ரெண்டாங் கொதிக்கும். எனக்காகவே வேறு அடுப்பில், வேறு கரண்டி போட்டு, கோழி ரெண்டாங் வைத்திருப்பாள். நானும் சும்மா இல்லை. தீபாவளிக்கு ஆட்டிறைச்சியை ஹலால் கடையில்தான் வாங்குவேன். அவர்களுக்கென்று ஒரு குண்டானையே தனியாக எடுத்து வைத்திருந்தேன். அந்தக் குண்டானை என் மகன் எடுத்துவிட்டால் வீட்டில் ரகளைதான். ஒருத்தி எதைத் தொடமாட்டாள், எதைத் தின்னமாட்டாள் என்பது மற்றவளுக்கு அத்துப்படி. அதுவரைக்கும்தான் தெரிந்து வைத்திருந்தோம் என்பது பின்னால் புரிந்தது.

எங்கள் வீட்டுக்காரர்கள் இருவரும் அதிகம் பேசாதவர்கள். அவள் கணவர் உயரமானவர். மழை நாளில் குடையோடு ஸ்டேஷன் வாசலில் நிற்பார், அவ்வளவுதான் அவர் காட்டும் அன்பு. தீபாவளியன்று இரண்டு ஆண்களும் டிவியில் பந்து விளையாட்டைப் பார்த்துக்கொண்டு ஒரு தட்டு நெய் உருண்டையைக் காலி செய்வார்கள். ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள். போகும்போது பார்த்தால் பெரிய விஷயமெல்லாம் பேசி முடித்த திருப்தி இரண்டு முகத்திலும் இருக்கும். "என்னதான் பேசுனீங்க?" என்று கேட்டால் என் வீட்டுக்காரர், "நல்ல மனுஷன்" என்பார்.

பிறகு அவள் அலுவலகத்தை அம்பாங்குக்கு மாற்றிவிட்டார்கள். அவள் காரில் போக ஆரம்பித்தாள். ரயிலில் என் பை மறுபடியும் பக்கத்து இருக்கைக்குப் போய்விட்டது. தினம் பார்த்த முகத்தை வருஷத்துக்கு இரண்டு தடவை பார்ப்பது என்றானது. தீபாவளிக்கும் பெருநாளுக்கும் அவள் அனுப்பும் வாழ்த்தும் நான் அனுப்பும் வாழ்த்தும்தான் எங்களைக் கட்டி வைத்திருந்தன. அது அறுந்தால் வேறு ஒன்றும் இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும்.

ஐந்து வருஷங்களுக்கு முன் என் வீட்டுக்காரர் இறந்துபோனார். தீபாவளிக்கு இரண்டு மாதம் இருந்தது. செய்தி கேட்டு அவள் அன்றைக்கே வந்தாள். கூட்டத்துக்குள் புகுந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தூக்கும் வரைக்கும் என் முதுகில் வைத்த கையை எடுக்கவில்லை. அவள் கணவர் வெளியே கூடாரத்தில், யாரும் சொல்லாமலே நாற்காலிகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாராம். என் மகன் பிறகு சொன்னான்.

தீபாவளி நெருங்கியதும் நான்தான் அவளுக்கு முதலில் செய்தி அனுப்பினேன். பழக்கத்தில் அவள் கிளம்பி வந்துவிடக் கூடாதே என்று. "காக், இந்த வருஷம் எங்களுக்குத் தீபாவளி கிடையாது. துக்கத்தில் இருக்கிறோம்."

"புரிகிறது காக். உங்கள் துக்கம் முடியும்வரை காத்திருப்பேன்" என்று பதில் வந்தது.

துக்க வருஷம் முடியுமுன்பே நோன்புப் பெருநாள் வந்தபோது வாழ்த்து அனுப்பலாம் என்று போனை எடுத்தேன். என் நாத்தனார் பக்கத்தில் இருந்தார். இந்த மாதிரி விஷயங்களில் அவர் வைத்ததுதான் சட்டம்.

"வருஷம் திரும்பாம நீ யாருக்கும் வாழ்த்துச் சொல்லாத லா. அவங்களுக்கு நல்ல நாளு. நம்ம துக்கத்த அங்க கொண்டு போய் விடாத."

எனக்கும் அது சரியென்றே பட்டது. போனை வைத்துவிட்டேன்.

வருஷத் திதி முடிந்தது. உறவுக்காரர்கள் வந்தார்கள், சாப்பிட்டார்கள், போனார்கள். துக்கம் கழிந்தது என்று யாருக்கும் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இலை போட்டுச் சாப்பிட்ட எல்லோருக்கும் அது தெரியும். அந்தத் தீபாவளிக்கு முறுக்கு சுட்டேன், நெய் உருண்டை பிடித்தேன், தனிக் குண்டானை எடுத்துக் கழுவி வைத்தேன். அவள் செய்தி வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பழைய கடை முதலாளி வாழ்த்து அனுப்பினார். கைப்பேசிக் கம்பெனிகூட அனுப்பியது. அவளிடமிருந்து ஒன்றும் இல்லை.

மாலையில் என் மகன் என் முகத்தைப் பார்த்துவிட்டான்.

"அம்மா, இப்பல்லாம் அவங்கள்ல நெறைய பேரு விஷ் பண்றதில்ல. பண்ணலாமா கூடாதான்னு பேஸ்புக்ல ஒரே சண்ட. நீங்க பார்க்கலயா?"

மற்ற மதத்தார் பண்டிகைக்கு முஸ்லிம்கள் வாழ்த்துச் சொல்லலாமா என்று அப்படி ஒரு பேச்சு அப்போது ஊரில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. என் சமையலறையில் நின்று சட்டியிலிருந்து அள்ளித் தின்றவளுக்கு இப்போது வாழ்த்து ஒரு கேடா என்று மனசுக்குள் பொரிந்தேன். ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். ரோஷம் விடவில்லை. முன்னெல்லாம் தீபாவளிக்கு அவள்தானே முதலில் சொல்வாள், இப்போதும் அவளே சொல்லட்டும் என்று இருந்துவிட்டேன். அடுத்த பெருநாளுக்கு நானும் வாழ்த்து அனுப்பவில்லை. அதற்கடுத்த தீபாவளிக்கும் அவள் அனுப்பவில்லை. அப்புறம் அது அப்படியே போயிற்று. எதிர்பார்ப்பதையும் ஒருநாள் விட்டுவிட்டேன் என்றுதான் சொல்லிக்கொண்டேன். பொய்தான். ஒவ்வொரு தீபாவளியும் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

போன தீபாவளிக்கு முந்தைய வாரம் கிள்ளான் லிட்டில் இந்தியாவில் சாமான் வாங்கிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு கடை வாசலிலும் ஒவ்வொரு பாட்டு, ஒன்றும் காதில் விழாது. கோலமாவுப் பொட்டலங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது யாரோ என்னைப் பார்ப்பது போலிருந்தது. நிமிர்ந்தால், மசாலைக் கடை ஓரத்தில் அவள். இளைத்திருந்தாள். கிட்டே வரலாமா வேண்டாமா என்று தயங்குவது தெரிந்தது. எனக்கு உள்ளே பழைய கோபம் எழுந்தது. நான் நகரவில்லை. அவள்தான் வந்தாள்.

என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு என் பையைப் பார்த்தாள். கோலமாவு, அகல் விளக்கு, முறுக்கு மாவு. மெல்லிய குரலில், சங்கடத்தோடு கேட்டாள்.

"காக், இந்த வருஷம் உங்களுக்குக் கொண்டாடலாமா? துக்கம் முடிஞ்சிருச்சா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. அப்புறம்தான் பிடிபட்டது.

"காக், அது ஒரு வருஷம்தான்" என்றேன்.

"ஒரு வருஷமா?"

"ஒரே வருஷம்."

அவள் என் கையை விடவில்லை. "நீங்க ஒண்ணும் சொல்லல லா" என்றாள். "எங்களுக்கு இப்படி வருஷக் கணக்கெல்லாம் கிடையாது. உங்களுக்கு எவ்வளவு நாள்னு எனக்குத் தெரியாது. நீங்க சொல்வீங்கன்னு இருந்தேன். பெருநாளைக்கும் உங்ககிட்டேர்ந்து வாழ்த்து வரல. சரி, இன்னும் முடியல போலன்னு நெனச்சேன். வாட்ஸ்அப்ல உங்க படம் இருக்கிற எடத்துல உங்க வீட்டுக்காரர் படம் இருக்கு, மாலையோட. தீபாவளி வர்றப்பெல்லாம் தெறந்து பார்ப்பேன். அது மாறவே இல்ல. எப்படி வாழ்த்துறது?"

அந்தப் படத்தை வைத்தது என் மகன். அதை மாற்ற எனக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான். அதைப் பார்த்து ஒருத்தி வருஷா வருஷம் வாழ்த்தை அடக்கிக்கொள்வாள் என்று எனக்கு எப்படித் தெரியும். என் கோபத்தை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். பேச்சை மாற்றுவதற்காக, "அபாங் எப்படி இருக்காரு?" என்று அவள் கணவரை விசாரித்தேன்.

"அவர் போயிட்டாரு, காக். மூணு வருஷமாச்சு."

 ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நடுத்தெருவில், சத்தமாக, சண்டை போடுவது போலக் கேட்டேன்.

"உங்களுக்குச் சொல்லத்தான் போனை எடுத்தேன். மாலை போட்ட படம் இருந்துச்சு. துக்கத்துல இருக்கிறவங்கள இன்னொரு சாவு வீட்டுக்குக் கூப்பிடலாமான்னு தெரியல. உங்களுக்கு அது ஆகாதோ என்னவோ. வச்சிட்டேன்."

அவள் மருமகள் வந்து கூப்பிட்டாள். போகும்போது, வீடு அங்கேயேதான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வருகிறேன் என்று அன்று இரவே அவளுக்குச் செய்தி அனுப்பிவிட்டு, மறுநாளே கிளம்பினேன். நாத்தனார் போனில் தடுத்தார். தீபாவளியை வைத்துக்கொண்டு யாராவது துக்கம் கேட்கப் போவார்களா, பண்டிகை கழியட்டும் என்றார். அவர் சொல்லி ஒருமுறை வாழ்த்தை நிறுத்தியது போதும் என்று போனை வைத்துவிட்டேன். பலகாரம் எடுத்துப்போவதா வேண்டாமா என்று குழம்பி, சாவு வீட்டுக்குப் போகும் முறைப்படி வெறுங்கையோடு போனேன். வெளிர் நிறத்தில் ஒரு சேலை கட்டிக்கொண்டேன்.

கதவைத் திறந்த அவள் நல்ல பூப்போட்ட பாஜு குரோங் போட்டிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. மேசையில் கேக், அன்னாசி டார்ட், கோழி ரெண்டாங். எவ்வளவு காலம் கழித்து சிநேகிதி வருகிறாள் என்று விருந்தே வைத்திருந்தாள். நான் இருந்த கோலத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

எப்படி நடந்தது என்று கேட்டேன். சொன்னாள். காலையில் பசியாறியது, மாடியேறும்போது நெஞ்சைப் பிடித்தது, ஆம்புலன்ஸ் வந்தது, ஆஸ்பத்திரியில் டாக்டர் வெளியே வந்து நின்ற விதம், அன்று சாயங்காலமே அடக்கம் செய்தது. ஒன்றையும் விடாமல் சொன்னாள். பல பேருக்குப் பல தடவை சொல்லிச் சொல்லி அந்தப் பேச்சு வழவழப்பாகியிருந்தது. நடுவில் எழுந்து என் தட்டில் ரெண்டாங் வைத்தாள். "யார் யாரோ வந்தாங்க காக். ஆபீஸ் ஆளுங்க எல்லாம் வந்தாங்க. அந்த ரயில்காரி வரலியேன்னு என் தங்கச்சி கேட்டா. அவங்க வீட்ல துக்கம்னு சொன்னேன்."

அதற்குமேல் என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. நேற்றுத்தான் செத்தது போல, சாவு வீட்டில் அழுவதைப் போலவே வாய்விட்டு அழுதேன். அவள் அழவில்லை. அழ வேண்டியதை மூன்று வருஷத்தில் அழுது முடித்திருந்தாள். அவளுக்கென்று இருந்த துக்கம் வேறு ஆட்களோடு கழிந்துபோயிருந்தது. "சரி காக், சரி, அவர் கஷ்டப்படாமத்தான் போனாரு" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். துக்கம் கேட்கப் போன வீட்டில் துக்கப்பட்டவளே எழுந்து போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். அவளோடு சேர்ந்து அழ வேண்டிய அழுகை அது. அவள் பார்த்துக்கொண்டிருக்க நான் தனியாக அழுதேன்.