ஐந்து பேர் பார்த்த பிரசவம்

எங்கள் நர்சிங் கல்லூரி வளர்ந்த கதையை ஆண்டு மலருக்கு எழுதித் தரச் சொன்னார்கள். கட்டடங்களைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்துத் தப்பித்தேன். இரண்டு அறையில் டிப்ளமோ பள்ளியாக ஆரம்பித்தோம். பல்கலைக்கழகத்தின் கீழ் வந்ததும் பட்டப்படிப்பு வந்தது, மூன்று மாடி வந்தது, பிள்ளைகளை ஏற்றிவரக் காரைக்கால் பஸ் ஸ்டாண்டுக்கு வண்டி வந்தது. வருடா வருடம் சீட்டுகள் கூடின. பயிற்சிக்குப் போகும் ஆஸ்பத்திரியில் பிரசவங்கள்தான் கூடவில்லை. இதை மலரில் எழுதவில்லை.

நான் பிரசவப் பாடம் நடத்துகிறவள். ஒவ்வொரு மாணவியும் இத்தனை பிரசவம் தன் கையால் பார்த்து, கேஸ் புத்தகத்தில் எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்க வேண்டும். வலியெடுத்து ஒருத்தி வந்தால் வாசலில் ஐந்து பேர் நிற்பார்கள். பங்கு போட்டேன். ஒருத்தி தலையைத் தாங்குவாள், ஒருத்தி தொப்புள்கொடி வெட்டுவாள், ஒருத்தி குழந்தையைத் துடைப்பாள், ஒருத்தி நஞ்சுக்கொடியை வாங்குவாள், ஒருத்தி தாயின் முழங்காலைப் பிடிப்பாள். ஐந்து பேரும் ‘நானே பார்த்தேன்’ என்று எழுதுவார்கள். ஐந்திலும் கையெழுத்துப் போடுவேன். முதல் தடவை கூசியது. பிறகு பழகிவிட்டது, வெட்கங்கெட்ட கை.

திருவேட்டக்குடியிலிருந்து ஒரு பெண் வந்து படித்தாள். இடித்துக்கொண்டு முன்னே போகத் தெரியாது. மிஞ்சுகிற வேலைதான் அவளுக்கு.

படிப்பு முடிந்து பக்கத்து ஊர்த் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். ஒரு மத்தியானம் எனக்குப் போன் செய்தாள். டாக்டர் இன்னும் வந்து சேரவில்லை. அவளும் ஒரு ஆயாவும் மட்டும் இருந்தார்கள்.

“தலை வந்துட்டு மேடம். தோளு வரமாட்டேங்குது.”

தாயின் இரண்டு முழங்காலையும் மடக்கி வயிற்றோடு அழுத்தச் சொன்னேன்.

“அது தெரியும் மேடம். எல்லாத் தடவையும் நான் அதத்தானே புடிச்சேன். அதுக்கப்புறம் என்ன செய்யணும்?”

வருடக்கணக்காக வகுப்பில் சொல்வதையே சொன்னேன். கை கற்க வேண்டியதைக் காதால் எப்படிக் கற்பாள்? டாக்டர் வந்தபோது குழந்தை வெளியே இருந்தது. அழவில்லை. அழவே இல்லை.

விசாரணை வைத்தார்கள். அவளுக்குச் சரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை என்றால் பழி கல்லூரிக்கு, அதாவது எனக்கு. சொல்லிக்கொடுத்தும் செய்யவில்லை என்றால் அவளுடைய அலட்சியம். இனி எங்கேயும் நர்ஸாக இருக்க முடியாது. உள்ளே போகும் முன்பே இது எனக்குத் தெரியும்.

விசாரணை அதிகாரியின் மேசைமேல் அவளுடைய கேஸ் புத்தகம் விரித்துக் கிடந்தது. அவள் சுவரோரம் நின்றிருந்தாள்.

“இவ்வளவு பிரசவமும் இவங்களே தனியாப் பார்த்ததுதானா மேடம்? இது உங்க கையெழுத்துதானே?”

ஓய்வு பெற எனக்கு இரண்டு வருடம் இருந்தது.

“ஆமாங்க” என்றேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை. மேடம் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது என்று முதல் வருடமே சொல்லிக்கொடுத்தவள் நான்தான்.