ஒரே பாறைக்கு இரண்டு ஏஞ்சல்

"மைன்ஸ்ல ஷிஃப்ட் முடிச்சு வந்தவன் எதுல குளிக்கறது? மூணு பக்கெட்லயும் உப்புத் தண்ணி."

அழுக்குச் சட்டையோடு பாத்ரூம் வாசலில் நின்று என் கணவர் கேட்டது. கடல் மீன் வளர்ப்பது என்றால் முக்கால்வாசி பக்கெட் தூக்குவதுதான். வீட்டில் தொட்டி வைத்து அவதிப்படும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. உப்பைக் கரைத்து ஒரு நாள் விட்டால்தான் அந்தத் தண்ணீர் தொட்டிக்கு ஆகும் என்றேன். "அப்ப நானும் ஒரு நாள் இப்படியே நிக்கறேன்" என்றார்.

காலி வீடு

தொட்டியில் இருந்தது ஒரே ஒரு குள்ள ஏஞ்சல் மீன். கட்டைவிரல் நீளம், ஊதா உடம்பு, ஆரஞ்சு வயிறு. பாறை இடுக்கில் பாசியைக் கொறித்துக்கொண்டிருக்கும். ஆள் வந்தால் உள்ளே போய்விடும். எதிர் பிளாக் டீச்சர் காபி குடித்து முடிக்கும்வரை எட்டி எட்டிப் பார்த்தார். இதோ வரும், இதோ வரும் என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். டம்ளரை வைத்துவிட்டுக் கேட்டார்: "இந்தக் குவார்ட்டர்ஸ் இன்னும் யாருக்கும் அலாட் ஆகலையா?"

துணை

பாவம், தனியாக இருக்கிறதே என்று மனமிரங்கி, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், கணவர் புதுச்சேரியிலிருந்து இன்னொன்று வாங்கி வந்தார். இந்த மீனுக்குத் துணை பிடிக்காது. பாறை முழுக்கத் தனக்கே வேண்டும். ஒரு மணி நேரத்தில் புதியதன் வாலைப் பழையது கிழித்துவிட்டது. புதியது ஃபில்டர் குழாய்க்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

வீட்டு வேலைக்கு வரும் செல்வியின் புருஷன் மைன்ஸில் வருடக்கணக்காகக் கான்ட்ராக்டில் இருக்கிறார். அவள் துடைப்பத்தோடு நின்று பார்த்தாள். "மொதல்ல வந்தது பர்மனென்ட்டுங்கம்மா. இது கான்ட்ராக்ட்டு. ஓரமா ஒண்டிக்கினுதான் இருக்கணும்."

இடமாற்றம்

பாறைகளைக் கலைத்து வேறு மாதிரி அடுக்கினால் பழையதுக்குத் தன் இடம் தெரியாமல் போய்ச் சண்டை ஓயும் என்பார்கள். தோள்வரை நனைந்து அடுக்கினேன். மதியத்துக்குள் மொத்தத்தையும் அது தன் பேருக்கு மாற்றிக்கொண்டது. புதியது இரண்டு நாளாக வாயில் எதுவும் வைக்கவில்லை. ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் தொட்டிக்குள்ளேயே தனியாக விட்டிருக்கிறேன். இன்னும் இரண்டு நாள் இப்படியே போனால் செத்துவிடும். கடைக்காரர் போனில் மரியாதையாகத்தான் பேசினார்: "உயிரோட கொண்டாந்தா எடுத்துக்கறேன் மேடம்."

ஆசைப்பட்டு வாங்கி வர எல்லா வீட்டிலும் ஒரு ஆள் உண்டு, திருப்பிக் கொண்டுபோய் விடத்தான் கிடையாது. "நாளைக்கு உங்களுக்கு ஆஃப்தானே, முதல் பஸ்ல இதைக் கொண்டுபோய்க் கொடுத்துட்டு வர்றீங்களா?" என்று கணவரிடம் கேட்டேன்.

அவர் பார்த்துக்கொண்டிருந்த டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு இன்னொரு முறையும் கேட்டேன்.