தாதி ஊற்றாத தண்ணீர்

பேர்பெச்சுவாவுக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது ஹம்பேர்க் தமிழ்க் கத்தோலிக்கர் எல்லாருக்கும் தெரியும். மன்னார்க்காரி, முதியோர் இல்லத்தில் சலவை வேலை. பூசை பிந்தினால் சுவாமியாரையே பிடித்துக் கேட்டுவிடுவாள். அப்பேர்ப்பட்டவள் ஒரு கேள்வியை மட்டும் முப்பது வருடமாக விழுங்கிக்கொண்டிருந்தாள். என் பிள்ளை எங்கே?

அகதியாக வந்த புதிதில் பெற்ற ஆண்பிள்ளை. மாதம் நிறையாமலே பிறந்து, பக்கத்து அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. தகப்பன் செல்வரட்ணம் இன்னும் முகம் பார்க்கவில்லை. தங்காது என்று டாக்குத்தர் கையை விரித்ததும், ஜேர்மன் தாதி ஒருத்தி, தான் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கட்டுமா என்று சைகையோடு கேட்டாள். செல்வரட்ணம் ஓம் என்று தலையாட்டினார். இவளோ, அவள் எந்தக் கோயில் என்று விசாரித்தாள். லுத்தரன் சபையாம். திருச்சபையை விட்டுப் பிரிந்துபோன பதிதர் ஊற்றுவதெல்லாம் ஒரு ஞானஸ்நானமா? ஊரில் ஞானோபதேச வகுப்பில் அப்படித்தான் மண்டையில் ஏற்றியிருந்தார்கள். ஓடிப்போய் எங்கட சுவாமியாரைக் கூட்டிவாங்கோ என்று புருஷனைத் துரத்தினாள். பாஷை தெரியாத மனுசன், பாவம், கொட்டும் பனிக்குள் ஓடினார். சுவாமியாரோடு திரும்பியபோது பிள்ளை குளிர்ந்துவிட்டிருந்தது. ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைக்கு மோட்சமில்லை என்பதும் அதே வகுப்பில் படித்ததுதான்.

இந்தத் தவக்காலத்தில் றெக்ஸ் சுவாமி ஆதித் திருச்சபையைப் பற்றிப் பேச வந்தார். புருஷனும் பெண்சாதியும் முன்வரிசையில் இருந்தார்கள். இவளுடைய பெயருக்குரிய பேர்பெச்சுவா என்ற அந்தக் கால வேதசாட்சி, செத்துப்போன தன் சின்னத் தம்பிக்காகச் சிறையிலிருந்து மன்றாடினாளாம். அவன் தாகம் தீரத் தண்ணீர் குடிப்பதைக் கனவிலும் கண்டாளாம். ஞானஸ்நானம் இல்லாத குழந்தைகளுக்கு மோட்சக் கதவை அடைத்த கடுமையெல்லாம் பின்னால் வந்தவர்கள் இறுக்கியது, இன்று திருச்சபை அவர்களைக் கடவுளின் இரக்கத்தில் ஒப்படைக்கிறது என்றார். என் குஞ்சே என்று அவள் விம்மிவிட்டாள். எத்தனை வருடத்துப் பாரம்!

அதோடு நிறுத்தியிருக்கலாம். சுவாமியோ, பதிதர் கொடுத்த ஞானஸ்நானம் செல்லுமா என்று அந்தக் காலத்தில் நடந்த சண்டையையும் எடுத்தார்.

அவள் எழும்பினாள். "சுவாமி, லுத்தரன் தாதி ஊத்தினாலும் செல்லுமோ?"

"ஓம் அக்கா. ஆபத்துக்கு ஆர் ஊத்தினாலும் செல்லும். அது எப்பவோ முடிவான விசயம்."

அவள் அப்படியே கதிரையில் இருந்துவிட்டாள். பக்கத்தில் திரும்பத் துணிவு வரவில்லை. செல்வரட்ணம் கோபிக்கவில்லை. கூட்டத்தில் கொடுத்த தேத்தண்ணீர்க் கோப்பையைக் கதிரைக்குக் கீழே வைத்தார்.

"அப்ப நான் போயிருக்கத் தேவையில்லை" என்றார். "அவன்ர முகத்தை உயிரோட பாத்திருப்பன்."