சவுரியப்பன் சார் எழுதிய விடைகள்

வட்டார வள மையத்தில் பயிற்சி என்று செய்தி வந்தாலே மற்ற வாத்தியார்கள் லீவு எழுதப் பார்ப்பார்கள். சவுரியப்பன் சாருக்கு மட்டும் சட்டைக்கு இஸ்திரி போடத் தோன்றும். எல்லாரும் பின்வரிசையில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருக்க, இவர் முதல் பெஞ்சில் உட்கார்ந்து கேள்வி கேட்பார். மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டினாலும் விடமாட்டார். "யாராச்சும் அவரு வாயக் கட்டுங்கப்பா, சோறு ஆறிப்போவுது" என்று பின்னாலிருந்து குரல் வரும். அவர் காதில் ஏறாது.

பொம்மிடிப் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளி. மொத்தம் பத்தொன்பது பிள்ளைகள், இரண்டே ஆசிரியர்கள். தலைமையாசிரியை அமுதவல்லி டீச்சர், அவருக்குக் கீழே இவர். பதிவு மூப்பில் வேலைக்கு வந்து இருபத்தொரு வருடம் ஆகிறது, வயது ஐம்பத்தொன்று. அந்த இருபத்தொரு வருடத்தில் ஒரு பயிற்சிக்குக்கூட மட்டம் போட்டதில்லை. மாமனார் செத்த மறுநாள்கூடப் போய் உட்கார்ந்தார் என்று அவர் பெண்டாட்டி லூர்துமேரி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். கேள்வி கேட்டே தொல்லை கொடுத்த மனிதரை, பேசாமல் நீயே நடத்து என்று கருத்தாளராகப் போட்டுவிட்டார்கள். அதன்பிறகு ஆறு வருடமாக ஒன்றியத்து ஆசிரியர்களுக்கெல்லாம் பயிற்சி கொடுப்பவர் அவர்தான்.

பயிற்சியெல்லாம் கைப்பேசிக்குள் வந்த காலத்தில் நடந்த கூத்தைத் தனியாகச் சொல்லவேண்டும். வீடியோவைக் கடைசிவரை ஓடவிட்டு, முடிவில் வரும் கேள்விகளுக்குப் பதில் அமுக்கினால் சான்றிதழ் வரும். எவன் பார்ப்பான்? பக்கத்து ஊர் வாத்தியார்கள் நாலைந்து பேர் சனிக்கிழமை கூட்டத்துக்கு வந்தால், கைப்பேசிகளை இவர் மேசையில் வரிசையாக வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

"சார், எம்போன்லயும் ஓடவுட்டுருங்க. கேள்விக்கும் நீங்களே அமுக்கிடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்" என்பார் அமுதவல்லி டீச்சர்.

இந்த மனிதரும் மறுக்கமாட்டார். ஐந்து கைப்பேசியும் ஒரே பாடத்தை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்ல, ஐந்தையும் உட்கார்ந்து கேட்டார். குறிப்பு வேறு எடுத்தார், அடக் கொடுமையே! அப்படி ஊரிலிருந்த சான்றிதழில் பாதி அவர் படித்துக் கொடுத்தது.

இந்த நிலையில்தான் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. ஏற்கெனவே வேலையில் இருக்கும் ஆசிரியர்களும் தகுதித் தேர்வு எழுதி இரண்டு வருடத்துக்குள் தேறவேண்டும், இல்லாவிட்டால் வேலையில் நீடிக்க முடியாது. ஓய்வுபெற ஐந்து வருடத்துக்குக் குறைவாக இருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு.

"எனக்கு நாலு வருசந்தானே சார் இருக்குது. எனக்கு வராதுன்றாங்க" என்றார் அமுதவல்லி டீச்சர். சந்தோஷத்தை மறைக்கப் பார்த்தார், முடியவில்லை. பிறகு அவருக்கே கூச்சமாகி, "உங்களுக்கு இன்னா சார், நீங்க தூக்கத்துலயே எழுதிடுவீங்க" என்றார்.

சவுரியப்பன் சாரும் அப்படித்தான் நினைத்தார். பயிற்சி கொடுக்கிறவனுக்கு என்ன பரீட்சை என்று ஒரு மிதப்பு. வேறென்ன சொல்வது? ஆங்கிலமும் கணக்கும் மட்டும் கொஞ்சம் புரட்டிப் பார்த்துவிட்டு, தர்மபுரிக்குப் பஸ் ஏறினார்.

தேர்வு அறையில் அவருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவளுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். பின்னால் அவரைப்போலவே தலை நரைத்த ஒருவர். நூற்றைம்பது கேள்வி, மூன்று மணி நேரம். குழந்தை வளர்ச்சிப் பகுதியில் ஒரு கேள்வி: வகுப்பில் எப்போதும் பேசாமலேயே இருக்கும் குழந்தைக்கு ஆசிரியர் செய்யவேண்டியது என்ன? பெற்றோரை அழைத்துப் பேசுவது, குழுச் செயல்பாட்டில் சேர்ப்பது, எளிய கேள்விகள் கேட்பது, பேசும்வரை பொறுத்திருப்பது என்று நான்கு விடைகள்.

எந்த விடையைக் கேட்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். குழுச் செயல்பாடு. அவரே மூன்று பயிற்சியில் மைக் பிடித்துச் சொன்ன விடை அது. ஆனால் அந்த நேரம் பார்த்து அவருக்கு ஒரு பெண் பிள்ளை ஞாபகம் வந்தது. வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளை, ஒன்றாம் வகுப்பு. வந்த நாளிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. குழுவில் சேர்த்தால் ஓடிப்போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டது. கடைசியில் அவர் விட்டுவிட்டார். தினமும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார், அவ்வளவுதான். ஏழு மாதம் கழித்து ஒருநாள் சத்துணவு நேரத்தில் அது ஓடிவந்து, "சார், என் முட்டய காக்கா தூக்கிட்டுப் போச்சி" என்றது. சவுரியப்பன் சாருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தன் சாப்பாட்டு டப்பாவில் இருந்த முட்டையை அதன் தட்டில் வைத்தார். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையின் வாயை மூட முடியவில்லை.

அவர் நான்காவது வட்டத்தைக் கருப்பாக்கினார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒன்றை உள்ளபடி எழுதிவிட்டால் அடுத்ததைப் பொய்யாக எழுதக் கை வரவில்லை. அந்தப் பகுதியில் ஐந்தாறு கேள்விக்குத் தான் செய்ததையே எழுதிவிட்டு, நெஞ்சு நிறைந்து வெளியே வந்தார். பைத்தியக்கார மனுசன்!

தேர்ச்சிக்கு இரண்டு மதிப்பெண் குறைந்தது.

"தெரிஞ்சே தப்பா எழுதிட்டு வந்தீங்களா?" லூர்துமேரி நம்பாமல் கேட்டாள்.

"தப்பு இல்ல மேரி. அதான் நெசம்."

"நெசத்தக் கொண்டுபோயி கோயில்ல சொல்லுங்க. பரீட்சையில அவன் கேக்கறத எழுதணும். ஊருக்கெல்லாம் நீங்கதானே அதச் சொல்லிக் குடுத்தீங்க?"

குதிரை கீழே தள்ளியதோடு நில்லாமல் குழியும் பறித்த கதையாக, அடுத்த வாரமே வள மையத்திலிருந்து கூப்பிட்டார்கள். தேர்ச்சி பெறாதவர் கருத்தாளராக இருந்தால் நாளைக்கு யாராவது கேள்வி கேட்பார்கள், இந்த முறை வேறு ஒருவரைப் போட்டுக்கொள்கிறோம், மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றார்கள். சரிங்க என்று போனை வைத்துவிட்டார். அந்தப் பயிற்சிக்கு அவர் பின்வரிசையில் போய் உட்கார்ந்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சோறு சூடாகவே கிடைத்தது.

அவமானம் பிடித்து ஆட்ட, வெறியாகப் படிக்க ஆரம்பித்தார். வீட்டில் படித்தது போதவில்லை. பள்ளியிலும் வருகைப் பதிவேட்டுக்கு அடியில் கைடு வந்து உட்கார்ந்தது. "பத்தாம் பக்கம் எடுத்து எழுதுங்க" என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுக் குனிந்தால், மணியடிக்கும்போதுதான் நிமிர்வார். பிள்ளைகள் எழுதியதையே எழுதின. சந்தேகம் கேட்டு வந்த பிள்ளையிடம், "இரு இரு, அப்புறம்" என்றார். அந்த அப்புறம் வரவே இல்லை. பாதி வருடம் இப்படிப் போயிற்று. அமுதவல்லி டீச்சர் பார்த்தும் பாராததுபோல் இருந்தார். தன் சான்றிதழெல்லாம் எப்படி வந்தது என்று அவருக்குத் தெரியாதா? எந்த முகத்தோடு கேட்பார்?

இரண்டாவது தேர்வில், லூர்துமேரி சொன்னபடி, அவன் கேட்டதையே எழுதினார். பேசாத குழந்தை, அடம்பிடிக்கும் குழந்தை, பின்தங்கிய குழந்தை எல்லாவற்றையும் குழுவில் சேர்த்தார். அந்தப் பகுதியில் மதிப்பெண் அள்ளிக்கொண்டு வந்தது. ஆங்கிலமும் கணக்கும் காலை வாரிவிட்டன. ஐம்பது வயதுக்குமேல் மனப்பாடம் நிற்குமா? சாண் ஏறினால் முழம் சறுக்கியது. இந்தத் தடவை நாலு மதிப்பெண் குறைவு.

அந்த முடிவு வந்து நாலாம் நாள் காலை சென்னப்பன் பள்ளிக்கு வந்தான். தக்காளித் தோட்டத்தில் கூலிக்குப் போகிறவன், அன்றைக்குக் கூலியை விட்டுவிட்டு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். அவன் மகன் பூவரசன் மூன்றாம் வகுப்பு. சென்னப்பனுமே அந்தப் பள்ளியில் சவுரியப்பன் சாரிடம் படித்தவன்தான், அவர் வேலைக்கு வந்த முதல் வருடம்.

"டீசி வேணுங்க சார்" என்றான்.

"எங்க சேக்கப்போற?"

"பொம்மிடியில இங்கிலீஷ் ஸ்கூலுல. வேன் வருதுங்க."

"வேனுக்கே மாசம் எவ்வளவு ஆவும், யோசிச்சியா? இங்க இன்னாடா கொறை?"

சென்னப்பன் தரையைப் பார்த்தபடி சொன்னான்.

"பையன் வூட்ல எழுதிக்கினே இருக்கறான் சார். இன்னாடா எழுதறன்னு கேட்டா தெரியலன்றான். படிக்கச் சொன்னா ஒரு வரி படிக்க வரல. சார் ஒண்ணும் சொல்லித் தரலயாடான்னு கேட்டன். சாருக்குப் பரீட்சை இருக்குதுப்பா, தொந்தரவு பண்ணக்கூடாதுன்றான்."

பக்கத்து மேசையில் இருந்த அமுதவல்லி டீச்சர் எழுந்து வெளியே போய்விட்டார்.

சவுரியப்பன் சார் கணினியைத் திறந்தார். பள்ளிக் கணினி வேலையெல்லாம் அவர் பொறுப்பு என்பதால் மாற்றுச் சான்றிதழையும் அவரே பதிய வேண்டும். பெயர், பிறந்த தேதி, வகுப்பு. விலகும் காரணம் என்ற இடத்தில் பெற்றோர் விருப்பம் என்று போட்டார். டீச்சரிடம் கையெழுத்து வாங்கி வந்து நீட்டினார்.

சென்னப்பன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். அப்போதுதான் அவனுக்கு மனது கேட்கவில்லை போலிருக்கிறது.

"மனசுல வெச்சிக்காதீங்க சார். இந்த ஊருல எழுதப் படிக்கத் தெரிஞ்சவன் எல்லாம் உங்க கைபட்டவன்தான். எனக்கே எழுத்துக்கூட்ட வராது, தோளுமேல கைபோட்டு எத்தினி நாளு சொல்லித் தந்தீங்க. நீங்க நல்ல வாத்தியாருங்க சார்."

சொல்லிவிட்டு, பொய் சொல்லத் தெரியாதவன், மெதுவாகச் சேர்த்தான்:

"அப்பல்லாம்."