நானே படித்து வாங்கிய பூப்போட்ட சட்டை

மகன் போட்டுக் கழித்த கம்பெனி யூனிபார்ம் சட்டைதான் இத்தனை வருஷமும் எனக்கு. ஓசூரில் பாதிக் கிழவர்களுக்கு அதுதான் உடுப்பு.

இப்போதுதான் எழுதப் படிக்கக் கற்றேன். போனில் எழுத்துக் கூட்டிப் படித்து, நானே ஒரு பூப்போட்ட சட்டை ஆர்டர் போட்டேன். இன்று காலை வந்தது. அளவும் கச்சிதம்!

"இன்னா மாமா, கம்பெனியில யூனிபார்ம மாத்திட்டாங்களா?" என்று மருமகள் சிரித்தாள்.

மனைவி என்னைச் சுற்றிவந்து பார்த்தாள். திருப்பி அனுப்பச் சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன்.

"அதுல சேலையும் வருமாங்க?" என்றாள்.

அப்போதிலிருந்து என் போனில் சேலைப் படங்களைத் தள்ளிக்கொண்டே இருக்கிறாள். "சாயம் போவுமான்னு படிச்சுச் சொல்லுங்க" என்கிறாள். நான் ஒரு வரி படிப்பதற்குள் நாலைந்து சேலை தாண்டிவிடுகிறாள்.

வேகமாகப் படிக்க யாராவது வழி சொல்லுங்கள். அவசரம், மறுபடியும் போனைக் கேட்கிறாள்.